நீச்சல் குள ஃபில்டரில் தண்ணீர் பின்னால் ஓடுகிறதா? என்ஆர்வி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

"மோட்டார் நின்னதும் தண்ணி ரிவர்ஸ்ல வருது" என்று பிளம்பரிடம் சொன்னால், வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு என்ஆர்வி போட்டுடலாம் சார்." தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் அந்த வால்வைப் போடுவார். கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், பிறகு மறுபடி ஸ்கிம்மர் (குளத்தின் மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் பக்கச் சுவர்த் திறப்பு) வாயில் சேறு கக்கும். என்ஆர்வி கட்டாயம் வேண்டிய குளங்கள் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்றைக்குப் பிரிந்து நிற்கும் பழைய வட ஆற்காட்டின் வீட்டுக் குளங்களிலும் பண்ணை வீட்டுக் குளங்களிலும் இந்தத் தொல்லைக்குக் காரணம் அநேகமாக ரப்பர் சாமான்தான். ஒன்று, பம்ப் மூடியின் ஓ-ரிங் வழியாகக் காற்று நுழைகிறது. அல்லது ஃபில்டரில் தண்ணீரின் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வுக்குள் ஸ்பைடர் கேஸ்கெட் என்ற ரப்பர் தேய்ந்து கிடக்கிறது. இரண்டையும் பார்த்து முடிக்காமல் குழாயை அறுக்க விடாதீர்கள்.

எப்போது வருகிறது?

பின்னோட்டம் என்பது ஒரே கோளாறு அல்ல. எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மோட்டாரை நிறுத்திய சில நொடிகளில் ஸ்கிம்மரிலிருந்தோ அடியிலுள்ள மெயின் டிரெயினிலிருந்தோ அழுக்குத் தண்ணீர் குளத்துக்குள் வந்தால், மணல் நிரப்பிய ஃபில்டர் தொட்டிக்குள் காற்று அடைந்திருக்கிறது, அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்று ஒழுகுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழிவுத் தண்ணீர் போகும் வேஸ்ட் குழாயில் தண்ணீர் சொட்டிக் குளமட்டம் இறங்கினால் ஸ்பைடர் கேஸ்கெட். மோட்டார் போட்டவுடன், வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் வாயில் ஒரு கலங்கல் வந்து பிறகு தெளிந்தால், பேக்வாஷுக்கு (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) பிறகு ரின்ஸ் (கழுவியபின் ஒரு முறை அலசி வெளியே விடுவது) செய்யவில்லை, அல்லது மணல் படுகை கெட்டுவிட்டது. ரிட்டர்ன் வாய்க்கு நேர் கீழே தரையில் மணல் சேர்ந்தால் தொட்டியின் அடியில் மணலைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் லேட்டரல் குழாய் உடைந்திருக்கிறது. மோட்டார் நின்றபின், விளிம்பு வழியும் குளத்தின் தண்ணீர் சேரும் பேலன்ஸ் டேங்க் பொங்கி வழிந்து, குளமட்டம் விளிம்புக்குக் கீழே போனால் மட்டும் நேராக என்ஆர்வியைச் சந்தேகிக்கலாம்.

பம்ப் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள். நம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். குழியை ஆழமாக எடுக்க முடியாமல் பம்ப் ரூமைத் தரைமட்டத்திலேயே கட்டிவிடுவார்கள். அப்படிக் குளத்து நீர்மட்டத்தைவிட பம்ப் மேலே இருந்தால், காற்று புகுந்த மறுகணம் குழாயிலும் ஃபில்டரிலும் உள்ள தண்ணீர் குளத்துக்கே இறங்கிவிடும், அடுத்த முறை மோட்டார் தண்ணீர் எடுக்காது. பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக, வால்வுகளை மூடாமல் பம்ப் மூடியைத் திறந்தால் குளமே பம்ப் ரூமுக்குள் வரும். ஏலகிரியில் குளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே உயரம் சுமார் 1,100 மீட்டர், காற்றழுத்தம் குறைவு. சமவெளியைவிட ஒரு மீட்டருக்கு மேல் உறிஞ்சும் உயரம் குறையும். வேலூர் சத்துவாச்சாரியில் தடையில்லாமல் ஓடும் அமைப்பு மலைமேல் அடிக்கடி காற்று பிடிப்பது இதனால்தான்.

காற்று செய்கிற வேலை

ஃபில்டர் தொட்டியின் மேல்பாகத்தில் காற்று அடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது அழுத்தம் காட்டும் கேஜ் 0.8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டினால், காற்று அந்த அழுத்தத்தில் நசுங்கிப் 10 லிட்டர் இடத்தில் இருக்கிறது. மோட்டாரை நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும், அதே காற்று ஏறக்குறைய 18 லிட்டராக விரியும். 8 லிட்டர் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். ஒரு பங்கு ரிட்டர்ன் வழியாகப் போகும். இன்னொரு பங்கு மணலின் மேல் படிந்த அழுக்கையும் பம்ப் கூடையில் கிடந்த இலை தழையையும் இழுத்துக்கொண்டு, பம்ப் வழியாகப் பின்னால் ஓடி ஸ்கிம்மரில் கக்கும். என்ஆர்வி போட்டால் இந்தக் கக்கல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். பம்ப் சீல் சூடாகும், ஃபில்டரில் மணல் கலையும், ரிட்டர்னில் குமிழி வந்துகொண்டே இருக்கும்.

சோதனை சுலபம். மோட்டார் ஓடும்போது ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ரிலீஸ் திருகை மெல்லத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று வந்து சில நொடியில் தண்ணீர் வந்தால் சரி, மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தளர்த்துங்கள். அப்போதும் காற்று வந்தால் எங்கோ தொடர்ந்து நுழைகிறது. பேக்வாஷ் முடிந்த பிறகு, அல்லது கூடையைக் கழுவிப் போட்ட பிறகு முதல் முறை காற்று வருவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க, முதலில் குளத்தைப் பாருங்கள், பம்பை அல்ல. நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்தில் நிற்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஆவியாதலால் மட்டுமே நாளுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் ஸ்கிம்மர் சுழித்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருக்கும். மெயின் டிரெயின் வால்வைக் கொஞ்சம் அதிகமாகவும் ஸ்கிம்மர் வால்வைக் குறைவாகவும் வைத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புங்கள்.

மட்டம் சரியாக இருந்தால் பம்ப் கூடையின் கண்ணாடி மூடியைப் பாருங்கள். உள்ளே முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். மேலே குமிழி ஆடிக்கொண்டிருந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ ஒழுகல். இங்கே சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருமா என்று காத்திருப்பார்கள், வராது. ஓடும் பம்பின் உறிஞ்சும் பக்கம் காற்றை உள்ளே இழுக்குமே தவிர வெளியே தள்ளாது. சேவிங் ஃபோமை மூடியைச் சுற்றி, கழற்றி மாட்டும் குழாய் இணைப்பான யூனியனைச் சுற்றி, பால் வால்வின் கைப்பிடித் தண்டில், டிரெயின் பிளக்கில், பம்புக்குள் நுழையும் மரை அடாப்டரில் ஒவ்வொன்றாகத் தடவுங்கள். நுரையில் குழி விழுந்து உள்ளே இழுபடும் இடம்தான் ஓட்டை. ஃபோம் இல்லையென்றால் ஒரு சொம்பு தண்ணீரை அந்த இணைப்பின்மேல் மெல்ல ஊற்றுங்கள். ஊற்றும்வரை குமிழி நின்று, பிறகு திரும்பினால் அதேதான்.

மூடி ஓ-ரிங்கில் பிரச்சினை என்றால் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும் கெடுக்க. விரலில் வளைத்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். சிலிக்கான் கிரீஸ் மட்டுமே பூச வேண்டும். வண்டிக்குப் போடும் கிரீஸ், வாசலின், தேங்காய் எண்ணெய் எல்லாம் ரப்பரை ஊத வைத்துவிடும், ஒரு மாதத்தில் ஓ-ரிங் பள்ளத்தைவிட்டு வெளியே பிதுங்கும். மரை அடாப்டர் ஒழுகினால் அநேகமாகப் பம்ப் ஒரு முறை தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கும், சூட்டில் பிளாஸ்டிக் மரை சுருங்கியிருக்கும். டெஃப்லான் டேப்பை மேலே சுற்றி எம்-சீல் அப்புவது அதற்கு வைத்தியம் அல்ல, அடாப்டரை அறுத்துப் புதிதாகப் போட வேண்டும்.

ஸ்பைடர் கேஸ்கெட்

மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை அழுத்தித் திருப்பினால் ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்குலேட், குளோஸ்டு என்று ஆறு நிலை வரும். உள்ளே இந்த வழிகளைப் பிரித்து வைப்பது சக்கர ஆரம்போல் விரிந்த ஒரே ஒரு ரப்பர்தான். அதன் ஒரு ஆரம் கிளம்பினாலும் தண்ணீர் தடம் மாறிவிடும். வேஸ்ட் பக்கம் மாறினால் குளம் காலியாகும். ரிட்டர்ன் பக்கம் மாறினால் வடிகட்டாத தண்ணீர் நேரே குளத்துக்குத் திரும்பும். இந்த இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றும்: வெளியே ஒரு சொட்டும் தெரியாது, குளோரின் சரியாக இருக்கும், தண்ணீர் மட்டும் மங்கலாகவே கிடக்கும்.

வேஸ்ட் பக்க ஒழுகலை அளக்க, ஃபில்டர் நிலையில் வைத்து மோட்டாரை ஓட்டி, வேஸ்ட் குழாய் வாயில் ஒரு பக்கெட் வையுங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் சேர்ந்தால், 8 மணி நேரத்தில் 480 லிட்டர். 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளத்தில் அது ஒன்றரை சென்டிமீட்டர் மட்டம். "குளம் லீக் ஆகுது" என்று டைல்ஸைப் பெயர்க்கக் கிளம்பும் முன் இந்த ஒரு பக்கெட் சோதனையைச் செய்துவிடுங்கள். வேஸ்ட் குழாய் நேராகப் பூமிக்குள் போய்விட்டால் வால்வில் உள்ள சைட் கிளாஸை (உள்ளே ஓடும் தண்ணீரைக் காட்டும் சிறு கண்ணாடி) பாருங்கள், ஃபில்டர் நிலையில் அதற்குள் தண்ணீர் ஓடக் கூடாது. வேஸ்ட் குழாயில் பார்க்க வழியே இல்லாமல் கட்டியிருந்தால், கட்டியவர் சோம்பேறி. ஒரு யூனியன் போட்டு வையுங்கள்.

இந்த ரப்பர் கெடுவதற்கு முதல் காரணம், மோட்டார் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்புவது. தோட்டக்காரரிடமோ வாட்ச்மேனிடமோ பேக்வாஷ் வேலையை விட்டிருந்தால், "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, கேஜ் முள் இறங்கினதும்தான் திருப்பணும்" என்று வால்வின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டிவையுங்கள். மாதக்கணக்கில் குளத்தை ஓட்டாமல் வைப்பதாக இருந்தால், பம்பை அணைத்து இரு பக்க வால்வுகளையும் மூடிவிட்டு, கைப்பிடியை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்துங்கள். ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்கும் ரப்பருக்கு அது ஓய்வு. மறுபடி மோட்டார் போடும் முன் மறக்காமல் ஃபில்டருக்குத் திருப்ப வேண்டும்.

மாற்றுவதற்கு அரை நாள் ஒதுக்கினால் போதும்.

1. மோட்டாரின் எம்சிபியை இறக்குங்கள். உறிஞ்சும் பக்கம், ரிட்டர்ன் பக்கம் இரண்டு பால் வால்வையும் மூடி, ஏர் ரிலீஸைத் திறந்து கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். அழுத்தம் இருக்கும்போது எந்தக் கிளாம்பையும் தொடக் கூடாது, தொட்டி மூடி பறந்து வந்து ஆளை அடிக்கும்.

2. வால்வு மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மூடி மாறி உட்கார்ந்தால் கைப்பிடி "ஃபில்டர்" காட்டும், உள்ளே பேக்வாஷ் ஓடும்.

3. சுற்றியுள்ள திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மூடியையும் அதோடு வரும் டைவர்ட்டரையும் (கைப்பிடியோடு சுழலும் உள்பாகம்) சேர்த்துத் தூக்குங்கள். கைப்பிடி ஊசியைத் தட்டிக் கழற்ற வேண்டாம், அதன் அடியில் ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது.

4. பழைய கேஸ்கெட்டை எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுங்கள். வழுவழுப்பான பக்கமும் முகடு உள்ள பக்கமும் மாறிப்போவது சகஜம்.

5. பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையை மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் போட்டால் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, புதிய ரப்பரும் ஒழுகும்.

6. புதியதைப் பசையில்லாமல் ஒரு முறை வைத்துப் பாருங்கள். வால்வின் உடம்போடு ஒட்டும் வகையாக இருந்தால் மட்டும், தண்ணீர் தாங்கும் ரப்பர் பசையை மெல்லிய கோடாக இழுத்து ஒட்டுங்கள். பசை கட்டியாக நின்றால் அந்த இடத்தில் ரப்பர் மேடிடும், அதுவே புது ஓட்டை. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய விடுங்கள்.

7. டைவர்ட்டரின் அடிப்பாகத்தில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா பாருங்கள். மூடி ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் பூசி, கோடு கோட்டோடு சேரும்படி உட்கார வைத்து, எதிரெதிர் திருகுகளாகக் கையால் முடுக்குங்கள். டிரில் மெஷினில் முடுக்கினால் மூடி வளைந்துவிடும்.

வால்வைத் திறந்து, மோட்டாரை ஃபில்டர் நிலையில் பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி பக்கெட் சோதனை. சொட்டவில்லையென்றால் வேலை முடிந்தது. கேஸ்கெட் கம்பெனிக்குக் கம்பெனி, ஒன்றரை இஞ்சு வால்வுக்கும் இரண்டு இஞ்சு வால்வுக்கும் வேறு வேறு. பழையதையும் வால்வின் மேல் ஒட்டியுள்ள மாடல் எண்ணின் படத்தையும் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். வேலூரில் எல்லா மாடலுக்கும் கிடைக்காது, சென்னையிலிருந்து கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கும். அதனால் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மணல், பேக்வாஷ்

மணல் கழுவி முடித்த அன்று ஓடும் அழுத்தத்தைக் கேஜின் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதைவிட 0.5 முதல் 0.7 கிலோ வரை ஏறினால் பேக்வாஷ் நேரம். பிஎஸ்ஐ கேஜ் என்றால் 8 முதல் 10. அதற்குமேல் விட்டால் அடைபட்ட மணலுக்கு மேலே அழுத்தம் தேங்கி, மோட்டார் நின்ற நொடியில் பின்பக்கத் தள்ளலும் பலமாக இருக்கும்.

பேக்வாஷ் 2 முதல் 3 நிமிடம், சைட் கிளாஸ் தெளியும்வரை. நிறுத்தி, ரின்ஸுக்குத் திருப்பி 30 நொடியிலிருந்து 1 நிமிடம். நிறுத்தி, ஃபில்டர். ரின்ஸை விட்டுவிட்டால் உள்ளே மிச்சமிருந்த அழுக்குத் தண்ணீர் அப்படியே ரிட்டர்னில் வரும், பலர் "பின்னோட்டம்" என்று புகார் சொல்வது இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் வந்தது. தண்ணீர்ப் பஞ்சக் கவலை நியாயமானது. ஆனால் 500 மி.மீ. விட்டமுள்ள தொட்டிக்கு மணிக்கு சுமார் 8 கன மீட்டர் ஓட்டம் என்றால் நிமிடத்துக்கு 130 லிட்டர்தான். மூன்று நிமிடத்துக்கு 400 லிட்டருக்குள் முடிந்துவிடும். ஓட்டம் இதைவிடக் குறைந்தால் மணல் படுகை மேலே எழும்பாது. அரை குதிரைத்திறன் மோட்டாரை வைத்துக்கொண்டு பெரிய தொட்டியைப் பத்து நிமிடம் பேக்வாஷ் செய்தாலும் அழுக்கு போகாது, தண்ணீர்தான் போகும்.

தொட்டிக்குள் பாலாற்று மணலைக் கொட்டுகிற பழக்கத்தை விடுங்கள். ஆற்று மணலில் பொடியும் பருமனும் வண்டலும் கலந்திருக்கும். பொடி லேட்டரல் இடுக்கு வழியாகக் குளத்துக்கு வரும், வண்டல் கட்டியாகும். 0.4 முதல் 0.8 மி.மீ. அளவில் சலித்த சிலிக்கா மணல்தான் வேண்டும். எத்தனை கிலோ என்பது தொட்டியின் லேபிளில் இருக்கும். கொட்டும் முன் தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பி, நடுக்குழாயின் வாயை டேப்பால் மூடிவிடுங்கள். வெறும் தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் லேட்டரல் அங்கேயே முறியும், முறிந்தது தெரிய வருவது குளத்தில் மணல் வந்த பிறகு. டேப்பை எடுக்க மறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் போர் தண்ணீரின் கடினத்தன்மை மணலுக்குப் பெரிய எதிரி. சுண்ணாம்பு படிந்து மணல் கட்டிகளாக இறுகும், தண்ணீர் கட்டிகளுக்கு நடுவே ஒரே வழியில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடும். அந்த ஓட்டை வழியாக அழுக்கும் போய்வரும். வருடத்துக்கு ஒரு முறை தொட்டியின் தலையைத் திறந்து, கையை விட்டு மேல் ஒரு சாண் மணலைக் கிளறிப் பாருங்கள். உடையாத கட்டி தட்டுப்பட்டால் மணலை மாற்றும் காலம் வந்துவிட்டது. 3 முதல் 5 வருடம் என்பது பொதுக்கணக்கு, கடினநீர்க் குளத்தில் அது முன்னாலேயே வரும். குளத்தின் பிஎச்சை 7.2 முதல் 7.6 வரை வைத்திருந்தால் சுண்ணாம்பு படிவது குறையும்.

என்ஆர்வி கட்டாயம் வேண்டிய இடங்கள்

விளிம்பு வழியும் ஓவர்ஃப்ளோ குளத்துக்கு முதல் இடம். அதில் பம்ப் பேலன்ஸ் டேங்கிலிருந்து எடுத்துக் குளத்துக்கு ஏற்றுகிறது. குளமட்டம் டேங்கைவிட உயரம். மோட்டார் நின்றதும் தடுப்பு இல்லையென்றால் குளத்துத் தண்ணீர் ரிட்டர்ன் வழியே புகுந்து, மணலைக் கீழிருந்து மேலாகக் கிளப்பி, அழுக்கோடு பேலன்ஸ் டேங்கில் இறங்கும். டேங்க் நிரம்பி வழிந்தாலும், ரிட்டர்ன் வாய் வெளியே தெரியும்வரை நிற்காது. இதற்கு ஃபில்டருக்குப் பிந்தைய ரிட்டர்ன் குழாயில் என்ஆர்வி. நீர்மட்டத்துக்கு அரை மீட்டருக்கு மேல் உயரத்தில் பம்ப் இருந்தால் பம்புக்கும் மல்டிபோர்ட்டுக்கும் நடுவில் ஒன்று. மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அந்தக் கிளைக்கு ஒன்று.

உறிஞ்சும் குழாயில் போடுவதை யோசித்துச் செய்யுங்கள். குளத்தின் அடியில் ஒரே ஒரு மெயின் டிரெயின் இருந்து, அதில் ஒரு குழந்தையின் கையோ முடியோ ஒட்டிக்கொண்டால், மோட்டாரை நிறுத்தியதும் பின்னோக்கி வரும் தண்ணீர்தான் பிடியை விடுவிக்கும். உறிஞ்சும் பக்க என்ஆர்வி அந்த விடுதலையைத் தடுக்கும். இரண்டு டிரெயின் தள்ளித் தள்ளி இல்லாத குளத்தில், அந்தப் பக்கம் வேண்டாம்.

வாங்கும்போது பித்தளை என்ஆர்வியைத் தவிருங்கள். வீட்டு மோட்டாருக்கு அது நல்லது, குளோரின் தண்ணீரிலும் உப்புக் குளோரினேட்டர் தண்ணீரிலும் அரித்துவிடும். யுபிவிசி உடம்பு, கண்ணாடி மூடி, திறந்து கழுவக்கூடிய ஃபிளாப் இருந்தால் நல்லது. அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். ஸ்பிரிங் இல்லாத ஃபிளாப் வகையைப் படுக்கையாகவோ, தண்ணீர் மேல்நோக்கி ஏறும் செங்குத்துக் குழாயிலோதான் போடலாம், இறங்கும் குழாயில் போட்டால் மூடவே மூடாது. எல்போவை ஒட்டிப் போட்டால் சுழலில் ஃபிளாப் படபடவென்று அடித்துக்கொண்டே தேயும். 63 மி.மீ. குழாயில் முன்னால் அரை மீட்டருக்கு மேல் நேர்க்குழாய் விடுங்கள். இரண்டு பக்கமும் யூனியன் வையுங்கள். சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டால் அடுத்த முறை சுத்தம் செய்ய அறுக்கத்தான் வேண்டும்.

இருக்கிற என்ஆர்வி பிடிக்கவில்லையென்றால் உடனே மாற்ற வேண்டாம். திறந்தால் ஃபிளாப்பின் உட்காரும் முகத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு, ஒரு வேப்பிலைக் காம்பு, தலைமுடிச் சுருள் — இதில் ஏதோ ஒன்று இருக்கும். சுண்ணாம்புக்கு, பிளாஸ்டிக் பாகங்களை மட்டும் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து சில நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல. பக்கத்தில் குளோரின் பவுடரோ பிளீச்சிங்கோ இருக்கக் கூடாது, சேர்ந்தால் விஷவாயு.

கரண்ட் போய் வரும்போது

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையோ கோடைக் காற்று மழையோ, கரண்ட் திடீரென்று போனால் பின்னோட்டத்தில் இம்பெல்லர் எதிர்த்திசையில் சுழலும். அது நிற்கும் முன் கரண்ட் வந்து மோட்டார் கிளம்பினால் ஷாஃப்ட்டுக்கும் கெப்பாசிட்டருக்கும் அடி. ஸ்டார்ட்டரில் ஒரு ஆன்-டிலே டைமர் போட்டு, ஒன்றிரண்டு நிமிடம் தாமதம் வையுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டிரான்ஸ்பார்மர் வேலைக்குப் பிறகு ஃபேஸ் வரிசை மாறி வந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். தண்ணீர் அப்போதும் முன்னால்தான் போகும், ஆனால் அழுத்தம் வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருக்கும். மரை வகை இம்பெல்லர் என்றால் கழன்றும் விடும். மோட்டாரின் விசிறி மூடியில் உள்ள அம்புக்குறியோடு சுற்றும் திசையை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் எலக்ட்ரீஷியன் இரண்டு ஃபேஸை இடம் மாற்றினால் போதும். பம்ப் ரூம் சர்க்யூட்டில், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதே நாளில் போடச் சொல்லுங்கள்.

குளோரின் மாத்திரை டப்பா

குழாயிலேயே இணைந்த குளோரின் ஃபீடர் இருந்தால் அதுதான் கடைசி உறுப்பாக, ஃபில்டருக்கும் ஹீட்டருக்கும் பிறகு இருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு என்ஆர்வியும் வேண்டும். மோட்டார் நின்றிருக்கும் இரவில் மாத்திரை கரைந்து அடர்ந்த அமிலக் குளோரின் தண்ணீர் பின்னால் நகர்ந்தால், மல்டிபோர்ட் ரப்பரையும் ஹீட்டரின் உலோகத்தையும் தின்றுவிடும். கேஸ்கெட் வருடாவருடம் கெட்டால் இந்த இடத்தைச் சந்தேகியுங்கள். டிரைகுளோர் மாத்திரை போடும் டப்பாவில் பிளீச்சிங் வகையான கால்சியம் ஹைப்போவை எக்காரணம் கொண்டும் போடக் கூடாது, வெடிக்கும். குளோரினைத் தானாகச் செலுத்தும் டோசிங் பம்ப் இருந்தால் அதன் கரண்ட் மெயின் மோட்டாரோடு இணைந்திருக்க வேண்டும், மோட்டார் நின்றால் அதுவும் நிற்க வேண்டும்.

குளத்துத் தண்ணீர் குடிநீருக்குப் போகாமல்

எல்லாவற்றையும்விட ஆபத்தான பின்னோட்டம் இதுதான், யாரும் புகாரே சொல்வதில்லை. போர் மோட்டாரிலிருந்து வரும் ஹோஸைக் குளத்துக்குள் அமிழ்த்திப் போட்டுவிட்டு நிரப்புவார்கள். மோட்டாரை நிறுத்தியதும், போருக்குள் இருக்கும் என்ஆர்வி கொஞ்சம் ஒழுகினாலே போதும், குளத்துத் தண்ணீர் சைபன் ஆகிப் போருக்குள் இறங்கும். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து நேரே ஹோஸ் போட்டால், லைனில் அழுத்தம் இறங்கும் நேரத்தில் தெருக்குழாய்க்கே போகும்.

இதற்கு எந்த வால்வையும் நம்ப வேண்டாம். நிரப்பும் குழாயின் வாய், குளம் வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் நிற்க வேண்டும், எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையாமல். பேலன்ஸ் டேங்கின் மிதவை வால்வுக்கும் இதே கணக்கு.

வேஸ்ட் குழாய்க்கும் இதே இடைவெளி வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருச் சாக்கடை நிரம்பும்போது, அதற்குள் நேராகச் சொருகிய வேஸ்ட் குழாய் வழியாகச் சாக்கடை பம்ப் ரூம்வரை ஏறும். தேய்ந்த கேஸ்கெட் இருந்தால் ஃபில்டருக்குள்ளும் போகும். குழாய் வாயை ஒரு சிறு தொட்டிக்கு மேலே அரை அடி தூக்கி விடுங்கள், அந்தத் தொட்டியிலிருந்து வடிகாலுக்குப் போகட்டும். பேக்வாஷ் தண்ணீரைத் தென்னைக்கு விடலாம் என்று கேட்பவர்களுக்கு: சாதாரண குளோரின் குளமாக இருந்தால், கடைசியாகக் குளோரின் போட்டு இரண்டொரு நாள் கழித்து விடலாம். உப்புக் குளோரினேட்டர் குளத்துத் தண்ணீரை மரத்தடியில் விட வேண்டாம்.